கேரியர் இல்லாத சைக்கிள்

ஆகஸ்ட் 17, ஞாயிறு

என் சைக்கிளை என் மகன் கனகராசு என்னைக் கேட்காமல் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டான். முப்பத்தொரு வருடம் நான் ஓட்டிய வண்டி. நான் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரம் பார்த்துச் செய்தான். பின்னால் யாரும் இதை வேறு மாதிரி சொல்லிவிடக் கூடாது என்பதற்காக முதலில் எழுதிவைக்கிறேன்.

கேட்டதற்கு, "இருக்கட்டுங்கப்பா, அது எதுக்கு இனி" என்றான். அவ்வளவுதான் பதில். அன்றே சூலூர் வீட்டை விட்டு வந்துவிட்டேன். இப்போது ஒண்டிப்புதூரில் ஒரு அறை. ஒரு ஃபேன், ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு ஸ்டவ். போதும்.

என் பெயர் மாசிலாமணி. வயது அறுபத்து மூன்று. ஸ்பின்னிங் மில்லில் முப்பத்தெட்டு வருடம் ஃபிட்டர். எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் டிப்ளமோ சர்ட்டிபிகேட்டைக் காட்டி சூப்பர்வைசர் ஆனார்கள். நான் அவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்துவிட்டு அவர்களிடமே கையெழுத்து வாங்கினேன். ஐம்பத்திரண்டு வயதில் தனியாகப் படித்துப் பத்தாவது எழுதினேன். பிறகு பன்னிரண்டாவது. பாலிடெக்னிக்கில் சேர வயது வரம்பு இல்லை என்று தெரிந்ததும் இந்த ஜூலையில் மெக்கானிக்கல் டிப்ளமோவில் சேர்ந்தேன். முதல் வருடம். வகுப்பில் எனக்கு அடுத்த மூத்தவனுக்குப் பத்தொன்பது வயது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வகுப்பு முடிந்து சூலூர் வரை நடந்து போனேன். வீட்டுக்கு அல்ல, இரும்புக் கடைக்கு. வண்டி மூன்றாம் நாளே லாரியில் போய்விட்டதாம்.

கடைக்காரர் நல்ல மனிதர். ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். "வண்டி பரவால்லீங்க. பின்னாடி கேரியர் மட்டும் தொங்கிட்டிருந்துச்சு. உங்க பையன் வண்டியக் குடுக்கறப்ப கேரியர் கிட்ட குனிஞ்சு என்னமோ நோண்டி நோண்டி எடுத்தாருங்க. சுண்டு வெரல் நகமாட்ட ஒரு துண்டு இரும்பு. சட்டப் பைக்குள்ள போட்டுக்கிட்டாரு."

"துண்டு இரும்பா?"

"ஆமாங். நாங்கூடச் சொன்னேன், அதையும் சேத்து எடை போட்டா ஒரு ரூவா வருமுங்களேன்னு. சிரிக்கக்கூட இல்லீங்க."

அப்பனின் வண்டியை விற்றவனுக்கு அதில் துண்டு இரும்பு எதற்கு? அவ்வளவு கஞ்சத்தனம் எங்கள் வம்சத்தில் யாருக்கும் இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இன்று யாரிடமும் பேசவில்லை. கடையில் "தயிர்" என்று சொன்னதைச் சேர்த்தால் ஒரு வார்த்தை.

ஆகஸ்ட் 30, சனி

அறையிலிருந்து பாலிடெக்னிக் ஆறு கிலோமீட்டர். போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால். ரெண்டு கால் கட்டைவிரல் நகமும் கறுத்துவிட்டன. பஸ் வாசலிலேயே நிற்கிறது. ஏறமாட்டேன்.

காரணம் இது. போன வருடம் செப்டம்பர் பன்னிரண்டு, என் மனைவி தெய்வானையைக் கேரியரில் உட்காரவைத்துச் சிங்காநல்லூர் குளக்கரை ரோட்டில் வந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்தான். அவள் பயந்து விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்தது. இரண்டு மாதம் படுக்கை. நவம்பரில் போய்விட்டாள்.

அன்றைக்கு முடிவு செய்தேன், இனி எந்த பஸ்ஸிலும் கால் வைப்பதில்லை என்று. மாற்ற மாட்டேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஒரு சைக்கிள் வாங்கித்தான் ஆகவேண்டும். நவம்பர் ஒன்பதாம் தேதி தெய்வானையின் வருஷத் திதி. சூலூர் வீட்டில்தான் செய்வான். பஸ்ஸில் போகமாட்டேன். அவன் காரில் ஏறமாட்டேன். நடந்து போய் வியர்வையோடு அவன் வாசலில் நிற்கவும் மாட்டேன். என் வண்டியை விற்றவன் வீட்டுக்கு என் வண்டியில்தான் போவேன்.

பழைய சைக்கிள் கடையில் நாலு வண்டி காட்டினார்கள். நாலிலும் கேரியர். வேண்டாம் என்றேன்.

"கேரியர் இருந்தா நல்லதுதானுங்களே?"

"எனக்கு வேண்டாம்."

"அதுக்கென்னுங், ரெண்டு நிமிசத்துல கழட்டித் தர்றேன்."

"கழட்டின இடம் தெரியும்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

செப்டம்பர் 12, வெள்ளி

இன்றோடு ஒரு வருடம். வகுப்புக்குப் போனேன். கணக்குத் தேர்வில் ஐம்பதுக்கு நாற்பத்தாறு.

செப்டம்பர் 14, ஞாயிறு

திருச்சி ரோட்டு டீக்கடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஏழு மணிக்கு ஒரு கூட்டம் வந்து நிற்கும். ஒட்டிய உடுப்பு, தலையில் கூடை மாதிரி ஹெல்மெட், ஆட்டுக் கொம்பு போல வளைந்த ஹேண்டில்பார். நான் மூன்று வாரமாகப் பார்க்கிறேன். அந்த வண்டிகளில் ஸ்டாண்ட் இல்லை, மட்கார்டு இல்லை, பெல் இல்லை. கேரியர் இல்லை. கழற்றிய இடமும் இல்லை. அதற்கான ஓட்டையே போடவில்லை.

ஒரு வண்டியைச் சுவரில் சாய்த்துவைத்திருந்தாள் ஒரு பெண். ஜெரூஷா என்று பெயர், இன்ஜினியரிங் கடைசி வருடம். ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தேன். என் பழைய வண்டியில் பாதி எடைகூட இல்லை.

"அங்கிள், புடிச்சிருக்கா? விக்கத்தான் போறேன். புனேல வேலை கெடச்சிருக்கு. கொண்டு போக முடியாது."

"எவ்வளவு?"

"பதினாலாயிரம். புதுசு இதே மாதிரி வாங்கணும்னா முப்பதுக்கு மேல அங்கிள்."

"ஸ்டூடண்டுக்குக் குறைக்க மாட்டீங்களா?"

"உங்க பேரனுக்கா?"

பாலிடெக்னிக் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினேன். வாங்கிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், போட்டோவையும் என் முகத்தையும் பார்த்தாள். கூட்டம் முழுக்கச் சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. "நம்மளுக்கு ஜூனியர்டா. பதினொண்ணுக்குக் குடுத்துடறேன் சார்" என்றாள். அங்கிள் போய் சார் ஆகிவிட்டது.

அக்டோபர் முதல் வாரத்தில் தருவதாகப் பேச்சு.

செப்டம்பர் 23, செவ்வாய்

மில் பென்ஷன் மூவாயிரத்தைத் தொடாது. கையில் இருந்த செட்டில்மென்ட் பணம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. மிச்சம் ஃபீஸுக்கும் அட்வான்ஸுக்கும். ஆகவே சாயங்காலம் டீ இல்லை. மெஸ்ஸில் மத்தியானம் ஒரு வேளை. இரவு தயிரும் சோறும். சக மாணவர்கள் ஹாஸ்டலில் இதைத்தான் செய்கிறார்கள். எனக்கு என்ன கேடு?

கனகராசு போனில் ஐயாயிரம் அனுப்பியிருந்தான். திருப்பி அனுப்பினேன். உடனே கூப்பிட்டான்.

"ஏனுங்கப்பா, பணத்த எதுக்குத் திருப்பி அனுப்பறீங்க?"

"நான் கேட்டனா?"

"கேட்டாத்தான் குடுக்கோணுங்களா?"

"கேட்டுத்தான் செய்யோணும். குடுக்கறதானாலும் செரி, விக்கறதானாலும் செரி."

"சாப்டீங்களாப்பா?" என்றான். "ஆச்சு" என்றேன். ஆகவில்லை.

மில்லில் வாங்கிய வெள்ளி டம்ளர் ஒன்று இருந்தது. இருபத்தைந்து வருட சேவைக்குக் கொடுத்தது. அதை விற்றேன். நான் கேட்க வேண்டிய ஆள் நான்தான். கேட்டேன், சரி என்றேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

வாங்கிவிட்டேன்.

எனக்கு உயரம் குறைவு. சீட்டை இறக்க வேண்டியிருந்தது. சீட்டைத் தாங்கும் குழாய் இரும்பு அல்ல, கார்பனாம். கறுப்பாக, பேனா மூடி மாதிரி லேசாக இருந்தது. ஜெரூஷா கையில் ஒரு சின்ன எல் கீயோடு நின்று பாடம் நடத்தினாள்.

"சார், இது டெலிகேட். டைட் ஆனதும் நிறுத்திடணும். அதுக்கு மேல போனா கார்பன் விரிஞ்சுடும். அளவு பாத்து இறுக்கற கீ கடைலதான் இருக்கும், அங்கயே குடுத்துப் பண்ணிக்கோங்க."

"அம்மணி, நான் முப்பத்தெட்டு வருசம் இந்த வேலைதான் பாத்தேன்."

"தெரியும் சார். அதான் சொல்றேன்."

இதற்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை.

அறைக்கு வந்து சீட்டை மறுபடி என் அளவுக்கு வைத்து நானே இறுக்கினேன். எந்த போல்ட்டானாலும் என் முறை ஒன்றுதான். இறுகி நின்ற பிறகு இன்னொரு கால்பங்கு சுற்று. மில்லில் அதற்குப் பெயரே என் பெயர்தான். "மாசிலாமணி சுத்து வெச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் மெஷினை ஓடவிடுவார்கள். அவன் இறுக்கினால் கழலாது என்பார்கள். கழன்றதே இல்லை.

அக்டோபர் 6, திங்கள்

காற்று அடிக்கும் வால்வு பென்சில் முனை மாதிரி இருக்கிறது. தெருமுனைப் பம்ப் ஏறவில்லை. அரை மணி நேரம் போராடி இருந்த காற்றையும் இறக்கிவிட்டேன். நடந்து போனேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

காற்றடிக்க ஜெரூஷாவே ஒரு பம்ப் கொடுத்தாள். பதினெட்டு நிமிடத்தில் பாலிடெக்னிக். ஒன்றேகால் மணி நேரம் எங்கே, பதினெட்டு நிமிடம் எங்கே! புதிதாக வந்த வாட்ச்மேன் முதல் நாள் உள்ளே விடவில்லை. "பேரண்ட்ஸ் ஆபீஸ்ல பேரு எழுதுங்க" என்றார். அட்டையைக் காட்டினேன். சல்யூட் அடித்தார், கிண்டலாகத்தான்.

இந்த வண்டியில் முன்னால் குனிந்து உட்கார வேண்டும். ரோடு மட்டும் தெரியும். பக்கத்தில் திரும்பி யாரிடமும் எதுவும் காட்ட முடியாது. பின்னால் பேச யாரும் இல்லாததால் மூச்சு மிச்சமாகிறது. வேகம் அதனால்தான்.

தெய்வானை வரும்போது வழி முழுக்கப் பேசிக்கொண்டு வருவாள். பாதி காற்றில் போய்விடும். நான் "ம்" போட்டுக்கொண்டே மிதிப்பேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. இந்த வருடம் எங்களுக்குப் பண்டிகை இல்லை. மெஸ் மூடிவிட்டார்கள். பிரெட் வாங்கி வைத்திருந்தேன். கீழ் வீட்டம்மா தட்டில் பலகாரம் வைத்து மூடிக் கொடுத்தார். துக்கம் என்று சொல்ல வேண்டியிருந்தது. "ஒரு வருசம் ஆவலீங்களா? ஐயோ, தெரியாமப் போச்சுங்" என்று தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். போன பிறகு தோன்றியது, வாங்கி வைத்திருக்கலாம்.

வண்டியை மூன்று தடவை துடைத்தேன்.

அக்டோபர் 29, புதன்

இயற்பியல் வகுப்பில் இன்று வெண்ணிலா மேடம் மீட்சித் தன்மை நடத்தினார். வயது முப்பது இருக்கும். மில் எப்படி இருக்கும் என்று பார்த்திருக்க மாட்டார்.

போல்ட் என்பது ஒரு ஸ்பிரிங் என்றார். இறுக்கும்போது அது நீள்கிறது, ஒரு அளவு வரை நீண்டால் திரும்பச் சுருங்கும், அதற்கு மேல் போனால் சுருங்காது என்றார். நான் எழுந்தேன்.

"மேடம், இறுக்க இறுக்க பலம்தான். நான் இறுக்கின போல்ட் ஒண்ணுகூடக் கழண்டதில்ல."

"கழலாது சார். நான் கழல்றதைச் சொல்லலை" என்றார். பலகையில் ஒரு கோடு போட்டார். நேராக ஏறி, வளைந்து, படுத்து, முடிந்துபோகிற கோடு. "அளவுக்கு மேல இறுக்கின போல்ட் அசையாம நிக்கும். பாக்க ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்கும். ஆனா அது தாங்கக்கூடிய பலத்தை இறுக்கும்போதே செலவு பண்ணிட்டோம். அப்புறம் ஒரு நாள் சாதாரண பாரத்துல, சின்னப் பள்ளத்துல, பட்டுனு அறுந்துடும். நாம என்ன சொல்லுவோம்? பள்ளத்தால அறுந்துச்சுன்னு சொல்லுவோம்."

வகுப்பு சிரித்தது. நான் உட்காரவில்லை. மில்லில் நடந்தது எனக்குத் தெரியும் என்றேன். "மில்லுல அறுந்த போல்ட்டை யார் சார் மாத்துவாங்க?" என்று கேட்டார்.

ஷிப்ட் ஃபிட்டர் மாற்றுவான். அடுத்த ஷிப்ட் ஃபிட்டர். அதைச் சொல்லவில்லை. உட்கார்ந்தேன்.

அக்டோபர் 30, வியாழன்

வகுப்புக்குப் போகவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

மூன்று நாளாக சீட்டுக்கு அடியில் டிக், டிக் என்று சத்தம். ரஃபீக் என்பவர் இந்த மாதிரி வண்டிகளுக்கு மட்டும் கடை வைத்திருக்கிறார். கொண்டு போனேன். சீட்டுக் குழாயை வெளியே எடுத்து, துணியால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். குழாயைக் கவ்வும் கிளாம்ப் பிடித்த இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது.

"பாய், ரோட்டுப் பள்ளம்தான் காரணம்" என்றேன். "சிங்காநல்லூர் சிக்னல்கிட்ட ரோடே இல்ல."

"பள்ளத்துல விழுந்தா இப்பிடி விரியாதுங்க. இது கிளாம்ப் கடிச்ச எடம். யாருங்க இறுக்குனது?"

கடையில் வேறு யாரும் இல்லை. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

"நான்தான்."

இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. அவர் காத்திருந்தார்.

"நல்ல நேரமுங்க. ஓடறப்ப ஒடஞ்சிருந்தா கம்பி மேல உக்காந்திருப்பீங்க. ஒண்டியாப் போறதால அடி உங்களோட போயிருக்கும்" என்றார். பழைய அலுமினியக் குழாய் ஒன்று வந்தால் எடுத்து வைக்கிறேன், முந்நூறு கொடுத்தால் போதும் என்றார். வண்டியை அங்கேயே விட்டு நடந்து வந்தேன்.

நவம்பர் 4, செவ்வாய்

ஆகஸ்ட் முப்பதாம் தேதி நான் எழுதியதில் சில விட்டுப்போயிருக்கின்றன. எழுதுகிறேன்.

செப்டம்பர் பன்னிரண்டு காலை கிளம்பும்போது தெய்வானை, "கேரியரு ஆடுதுங்க, பாருங்க" என்றாள். சீட்டுக்குப் பின்னால் கேரியரைப் பிடிக்கும் கிளிப்பில் போல்ட் லேசாகத் தளர்ந்திருந்தது. ஸ்பானர் எடுத்து இறுக்கினேன். அவள் அசைத்துப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் பாறையாட்ட இருக்குது" என்றாள்.

பஸ்காரன் ஹாரன் அடித்தது உண்மை. அதற்கு முன்னால் ஒரு சத்தம் வந்ததும் உண்மை. பட் என்று. டயரில் கல் தெறித்தது என்று நினைத்தேன். வண்டி லேசானது. காற்று திரும்பியிருக்கிறது என்று நினைத்தேன். அவள் தங்கை மகள் கல்யாணத்துக்கு என்ன செய்வது என்று பேசிக்கொண்டிருந்தோம். நான் பேசிக்கொண்டே போனேன். பதில் வரவில்லை என்பது பத்திருபது அடி போன பிறகுதான் தெரிந்தது. பஸ்காரன் அவளைப் பார்த்துத்தான் ஹாரன் அடித்திருக்கிறான். என்னை நிறுத்த.

வண்டியை அங்கிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தவன் கனகராசு. கொல்லையில் தார்பாய் போட்டு மூடி வைத்தான். நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். பிறகும் அந்தத் தார்பாயை நான் எடுக்கவில்லை. பதினொரு மாதம்.

இரும்புக் கடைக்காரர் சொன்னதை ஆகஸ்ட் பத்தொன்பதில் எழுதியிருக்கிறேன். இன்று அந்தப் பக்கத்தை மறுபடி படித்தேன்.

நவம்பர் 5, புதன்

வகுப்புக்குப் போனேன். கடைசி பெஞ்ச்.

நவம்பர் 8, சனி

ரஃபீக் போன் செய்தார். குழாய் வந்துவிட்டது.

சாயங்காலம் கனகராசு கூப்பிட்டான்.

"நாளைக்கு வர்றீங்கல்லப்பா? ஐயரு ஒம்பது மணிக்கு வந்துருவாரு. நான் காரெடுத்துட்டு வர்றனுங்க."

"வேண்டாம். சைக்கிள் வாங்கீருக்கறேன். அதுலயே வர்றேன்."

போனை வைக்கப் போனேன்.

"அதுல கேரியர் இருக்குதுங்களாப்பா?"

இதை அவன் கேட்ட குரலை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. சின்ன வயதில் மில் கேட்டுக்கு வந்து, "அப்பா, நைட் ஷிப்ட்டா?" என்று கேட்பான். அந்தக் குரல்.

"இல்லடா" என்றேன்.

"செரிங்க. மெதுவா வாங்க. லாரிக்காரனுக நிக்கவே மாட்டானுக."

வைத்துவிட்டான். நான் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். போன் கையில் சூடாக இருந்தது.

நாளையும் மறுநாளும் செய்ய வேண்டியவை:

ரஃபீக்: ஆறரை மணிக்குக் கடையைத் திறந்து குழாயை மாட்டித் தரவேண்டும். அளவு காட்டும் கீயால் அவர்தான் இறுக்க வேண்டும். நான் பக்கத்தில் நிற்கலாம். கையை நீட்டக் கூடாது.

வெண்ணிலா மேடம்: திங்கட்கிழமை அந்தக் கோட்டை இன்னொரு தடவை போட்டுக் காட்டவேண்டும். வளைகிற இடத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. கேட்க வேண்டியது நான்.

கனகராசு: கேட்காமல் விற்றதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். எதற்காக விற்றிருந்தாலும் சரி. இதில் மாற்றமில்லை.

கனகராசு: சட்டைப் பையில் போட்டுக்கொண்ட துண்டு இரும்பை என்னிடம் தரவேண்டும். எறிந்துவிட்டேன் என்று பொய் சொல்லக் கூடாது. அவன் எறிந்திருக்க மாட்டான்.

நான்: திதி முடிந்து ஐயர் கிளம்பும்வரை வாயைத் திறக்கக் கூடாது. அதன் பிறகு அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். போல்ட்டின் அறுந்த முகத்தைப் பார்த்தால் எப்படி அறுந்தது என்று எனக்குத் தெரியும். அந்த வேலை எனக்குத் தெரியும். பார்த்ததை நானே வாய்விட்டுச் சொல்லவேண்டும், அவன் முகத்தைப் பார்த்து.

கனகராசு: நான் சொல்லி முடிக்கும்வரை "இருக்கட்டுங்கப்பா" என்று குறுக்கே பேசக் கூடாது.